கொடுவாள் ஏகாம்பரத்தின் கடைசிச் சாவு

2 செப்டம்பர் 1957, திங்கள்

நேற்றோடு அண்ணனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. காஞ்சிபுரத்துச் சொந்தங்கள் வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு, கை ஈரம் காய்வதற்குள் அண்ணியைக் கரித்துக்கொட்ட ஆரம்பித்து, இன்று காலை பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தார்கள். விட்டது தொல்லை. பாதி வருஷமாக எழுதாமல் கிடந்த இந்த டைரியை இன்றுதான் தூசி தட்டினேன். இந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லை, இதிலாவது பேசலாம்.

நடந்தது ஊருக்கே தெரியும். ஆகஸ்ட் பதினேழாம் தேதி, கோடம்பாக்கத்தில் ஷூட்டிங் முடிந்ததும் அண்ணன் மேக்கப் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மூட்டைப்பூச்சி மருந்தைக் குடித்துவிட்டார். பக்கத்தில் காலி பாட்டில். மறுநாள் பத்திரிகைகளில் கொட்டை எழுத்து: 'வில்லன் நடிகர் கொடுவாள் ஏகாம்பரம் தற்கொலை. குடும்பத் தகராறு காரணமா?' அந்தக் கேள்விக்குறி ஒரு மரியாதைக்குத்தான். ரசாயனப் பரிசோதனை முடிவு வரத் தீபாவளி தாண்டிவிடும் என்கிறார்கள். அதற்குள் ஊர் முடிவு கட்டிவிட்டது.

தகராறு நடந்தது நிஜம். மாடி அறையில் இருக்கிற என் காதிலேயே விழுந்தது. அந்தச் சண்டையில் மனம் வெறுத்துத்தான் அண்ணன் இப்படிச் செய்துகொண்டார் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். மறைக்கச் சொல்கிறீர்களா? படக் கம்பெனி முதலாளி பங்காருசாமி தம் காரிலேயே என்னை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய், வாக்குமூலம் எழுதி முடிக்கும்வரை வெளியில் காத்திருந்து, வீட்டில் கொண்டுவந்து விட்டார். பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான்.

4 செப்டம்பர், புதன்

கடையில் இன்று கூட்டம் இல்லை. ஜவுளிக்கடைக்காரன் வேலை புடவையைப் பிரித்து மடிப்பது, மறுபடி பிரித்து மடிப்பது. ஒருத்தி நாற்பது புடவையைப் பிரித்துப் போட்டுவிட்டு, "நீங்க கொடுவாள் தம்பிதானே, அந்தம்மா அப்படி என்னதான் சொல்லிச்சாம்?" என்று கேட்டாள். இதற்குத்தான் வந்திருக்கிறாள். கர்ச்சீப் கூட வாங்கவில்லை.

நாடகக் கம்பெனியில் அண்ணனும் நானும் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். குரலில் எங்களுக்குள் வித்தியாசமே கிடையாது. திரைக்குப் பின்னால் நின்று நான் பேசினால் எங்கள் அம்மாவே ஏமாந்துபோவாள். ஆனால் சினிமாக்காரர்களுக்கு அவருடைய வலது புருவம் பிடித்துப்போயிற்று. முதல் படத்தில் கையில் கொடுவாளைக் கொடுத்துப் புருவத்தைத் தூக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான், அப்புறம் எந்தப் படத்திலும் அந்த வாளைக் கீழே வைக்க விடவில்லை. ஒரே ஒரு முறை பாசமுள்ள தகப்பன் வேஷம் போட்டார். அவர் மகளைக் கட்டிக்கொண்டு அழுத இடத்தில் கொட்டகையே சிரித்தது. அதோடு சரி.

அவரைப் பார்த்தால் மார்க்கெட்டில் பெண்கள் பிள்ளைகளை இழுத்து மறைத்துக்கொள்வார்கள். வீட்டில் அந்த மனுஷர் கரப்பான்பூச்சிக்குப் பயந்து கட்டில் மேல் ஏறி நிற்பார். அண்ணிக்குக் கீரை ஆய்ந்து கொடுப்பார். இதை எந்தப் பத்திரிகை போடும்?

எல்லாப் படத்திலும் கடைசியில் சாக வேண்டும். அதற்கு ஒரு சாங்கியம் உண்டு. சாகிற மாதிரி நடித்தவர், ஷாட் முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் சாவு ஒட்டிக்கொள்ளும் என்பது கோடம்பாக்கத்து நம்பிக்கை. அண்ணி இதில் ரொம்பக் கண்டிப்பு. அன்றைக்குச் செத்துவிட்டு வந்தால், "சிரிச்சீங்களா?" என்று கேட்டு, "சிரிச்சேன்" என்று அவர் சொன்ன பிறகுதான் வாசற்படி ஏற விடுவாள்.

உடம்பைக் கொண்டுவந்து இறக்கிய அன்றும் கம்பெனி ஆட்களிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். "சிரிச்சாரும்மா" என்றார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. புருஷன் பிணத்தின் முன்னால் கேட்கிற கேள்வியா இது?

6 செப்டம்பர், வெள்ளி

முதலாளி கார் கடை வாசலுக்கே வந்துவிட்டது. எங்கள் கடைக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். அந்த ஆள் எழுந்து நின்று இன்றுதான் பார்க்கிறேன்.

விஷயம் இது. அண்ணன் கடைசியாக நடித்தது மழையில் சாகிற சீன். மழை மோட்டார் போட்ட சத்தத்தில் ஒலிப்பதிவு பாழாகிவிட்டது. அவர் வசனத்துக்கும் கடைசி அலறலுக்கும் குரல் வேண்டும். தீபாவளிக்குப் படம் வந்தாக வேண்டும். "தணிகை, இது உங்கண்ணனோட கடைசிப் படம். வேற எவன் குரலையாவது வைக்க எனக்கு மனசு வரலை" என்றார். அண்ணனுக்காக ஒப்புக்கொண்டேன். அண்ணனுக்காக மட்டும்தான்.

அண்ணனுடைய பட்டு ஜிப்பா எனக்குத் தோளில் கொஞ்சம் தொளதொளவென்றிருக்கிறது. மற்றபடி சரிதான்.

9 செப்டம்பர், திங்கள்

முதல் நாள் ஒலிப்பதிவு. இருட்டு அறை, முன்னால் ஒரு திரை. ஷாட்டின் பிலிமை இரண்டு முனையும் ஒட்டி வளையமாக்கி ஓட்டுகிறார்கள். ஒரே ஷாட் மறுபடி மறுபடி வந்துகொண்டே இருக்கும், வாய் அசைவு பிடிபடும்வரை நாம் பேசிக்கொண்டே இருக்கலாம். வளையத்துக்கு லூப் என்று பெயர்.

நான் இரண்டாவது சுற்றிலேயே பிடித்துவிட்டேன். சவுண்டு என்ஜினியர் டேவிட் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து எழுந்து நின்றுவிட்டார். "அப்படியே அவர்தான்" என்றார். அந்த ஆள் முகம் ஏன் அப்படிப் பேயறைந்த மாதிரி ஆயிற்று என்று தெரியவில்லை. அலறல் மட்டும் பாக்கி. டைரக்டருக்கு அது இன்னும் நீளமாக வேண்டுமாம், வேறு லூப் போட்டு வெள்ளிக்கிழமை எடுக்கலாம் என்றார்கள்.

கண்ணாடி முன்னால் புருவத்தைத் தூக்கிப் பார்த்தேன். வருகிறது.

11 செப்டம்பர், புதன்

அண்ணி உப்புப் போட்டுச் சாப்பிடுவதில்லை. துலக்கிய பாத்திரத்தையே எடுத்து மறுபடி துலக்குகிறாள். இன்று தானாக வாயைத் திறந்தாள்.

"அன்னிக்கு நான் என்ன சொன்னேன்னு உங்களுக்குக் கேட்டுதா தம்பி?"

கேட்டது என்றேன். அவர்கள் மகள் குமுதாவைப் பள்ளிக்கூடத்தில் 'கொடுவாள் பொண்ணு' என்று பக்கத்தில் உட்காரவிடாமல் துரத்தியிருக்கிறார்கள். அண்ணன் அதே நாளில் இன்னொரு வில்லன் வேஷத்துக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அந்தக் கோபம் மறுநாள் காலை வரைக்கும் ஆறாமல் வெடித்தது.

"தினம் தினம் அங்க செத்துட்டு இங்க எதுக்கு வரீங்க, அங்கேயே கெடந்து தொலைங்கன்னு சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கிட்டே கேட்டுட்டுப் போனாரு. சொன்ன சொல்லைக் கேட்டுட்டாரு, பாத்தீங்களா."

சொன்னவள் அனுபவிக்கத்தான் வேண்டும் என்று நினைத்தேன். அப்படியே எழுதி வைக்கிறேன், நினைத்ததுதானே. பிறகு அவள், குளிப்பாட்டும்போது அவர் வலது உள்ளங்கையில் கருகினமாதிரி ஒரு வடு இருந்தது, அது என்ன என்று கேட்டாள். மேக்கப் கரியாக இருக்கும் என்றேன்.

12 செப்டம்பர், வியாழன்

மூட்டைப்பூச்சி மருந்து எந்தக் கடையில் கிடைக்கும் என்று அண்ணி கேட்டாள். கட்டிலில் பூச்சியாம். வெயிலில் போட்டுத் தட்டினால் போதும் என்றேன். குமுதாவை அண்ணியின் தம்பி வந்து காஞ்சிபுரத்துக்கு அழைத்துப் போய்விட்டான். நல்லதுதான், இங்கே இருந்தால் பிள்ளைக்குப் படிப்பும் வராது.

13 செப்டம்பர், வெள்ளி

தொண்டை சரியில்லை. அலறல் எடுக்கவில்லை. சீக்கிரம் வந்துவிட்டேன்.

15 செப்டம்பர், ஞாயிறு

மண்ணெண்ணெய் வாங்கினேன். சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். மழை வரும்போல் இருக்கிறது.

17 செப்டம்பர், செவ்வாய்

எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் கிறுக்குப் பிடித்துவிடும்.

வெள்ளிக்கிழமை தொண்டைக்கு ஒன்றும் இல்லை. புது லூப்பை மாட்டி ஓட்டினார்கள். சேறு, மழை, அண்ணன் வாளோடு தள்ளாடி வருகிறார், மின்கம்பத்தைப் பிடிக்கிறார், உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுக்கிறது, குப்புற விழுகிறார். பழைய லூப் அந்த இடத்தில் முடிந்துவிடும். இது முடியவில்லை.

அண்ணன் சாகிற ஷாட் என்றால் அவர் சிரிக்கிற இடம் வரைக்கும் விட்டுத்தான் வெட்டுவது கட்டிங் ரூம்காரர்களின் பழக்கம். சிரிப்பு வந்தால் ஷாட் முடிந்தது என்று கணக்கு. இந்த லூப்பைச் செய்தவன் பழக்கதோஷத்தில் சிரிப்பைத் தேடிக்கொண்டே போயிருக்கிறான். அது வரவேயில்லை. அதனால் பிலிம் தீரும்வரை அப்படியே விட்டுவிட்டான்.

அண்ணன் கிடக்கிறார். மழை பெய்கிறது. கேமரா அவர் எழுந்து சிரிப்பதற்காகக் காத்திருக்கிறது. காத்திருக்கிறது. எழவில்லை. ஒரு லைட்மேன் ஓடி வந்து தோளைத் தொட்டுத் திருப்புகிறான். தொட்டவன் தூக்கியடித்து விழுகிறான். திரை கறுப்பாகிறது. உடனே மறுபடி அண்ணன் வாளோடு தள்ளாடி வருகிறார்.

நான் நிறுத்தச் சொல்லவில்லை. எத்தனை சுற்று பார்த்தேனோ தெரியாது. டேவிட்தான் வந்து விளக்கைப் போட்டார். என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பெரிய லைட்டுக்குப் போற கேபிள் தண்ணிக்குள்ள கெடந்து, கம்பத்துல கரண்ட் ஏறியிருக்கு. எங்களுக்குத் தெரியாது. இதுவரைக்கும் இப்படி ஒரு சாவு அவர் நடிச்சதில்லைன்னு எல்லாரும் கை தட்டினோம், தணிகை. நானும் தட்டினேன்."

பிறகு கம்பெனி மேனேஜர் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டாராம். விஷயம் வெளியே போனால் கேஸ், ஸ்டூடியோவுக்குச் சீல், படம் முடங்கும். உடம்பைத் துடைத்து மேக்கப் அறையில் போட்டு, பாட்டிலை வைத்தார்கள். கை வெந்துபோன லைட்மேன் அருச்சுனனை அன்றே அரக்கோணத்துக்கு ரயிலேற்றிவிட்டார்கள். காலையில் வீட்டில் சண்டை என்று அண்ணனே மேக்கப்மேனிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். அது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

அதற்கு மேல் அவர்களுக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. காரில் ஏற்றிக்கொண்டு போய் என்னைக் காட்டினார்கள்.

18 செப்டம்பர், புதன்

முதலாளி வீட்டுக்கே வந்தார், கூடை நிறையப் பழத்தோடு. அடுத்த படத்துக்கு நான்தான் வில்லனாம். பெயர் கூட வைத்துவிட்டார்: 'இளைய கொடுவாள்'. திங்கட்கிழமை அலறலை முடித்துக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு விஷயம் தெரியும் என்று அவருக்குத் தெரியுமா? தெரியும் என்றுதான் தோன்றுகிறது. என் தோளில் வைத்த கையை அவர் எடுக்கவேயில்லை.

அண்ணி காபி கொண்டுவந்தாள். தலை குனிந்து நின்றவளிடம் அந்த மனுஷர் சொன்னார்: "நடந்தது நடந்துபோச்சும்மா. உங்களை யாரும் குத்தம் சொல்லலை. ஏதோ கோவத்துல ஒரு வார்த்தை வந்துடுச்சு, என்ன பண்றது."

அவள் அதற்குத் தலையாட்டினாள். எனக்கு அந்தக் காபி டம்ளரை அவர் முகத்தில் வீச வேண்டும்போல் இருந்தது. வீசவில்லை. வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தேன்.

20 செப்டம்பர், வெள்ளி

நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். அண்ணன் திரும்பி வரப்போவதில்லை. இருபது வருஷமாகப் புடவை மடிக்கிறவனுக்கு ஒரு கதவு திறக்கிறது. நான் சம்பாதித்தால் அண்ணியும் குமுதாவும்தானே சாப்பிடப்போகிறார்கள்? ரசாயனப் பரிசோதனை முடிவு வந்தால் தானாகத் தெரிந்துவிட்டுப் போகிறது. நான் எதற்கு முந்திக்கொண்டு வாயைக் கொடுக்க வேண்டும்? அவள் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொண்டால் போதும்.

22 செப்டம்பர், ஞாயிறு

அரிசிப் பானைக்குப் பின்னால் பாட்டில் இருக்கிறது.

நெருப்புப்பெட்டி தேடப் போனவன் பார்த்தேன். அதே மூட்டைப்பூச்சி மருந்து. மூடி திறக்கவில்லை. பக்கத்தில் குமுதா இங்கே விட்டுப்போன துணிகள் எல்லாம் துவைத்து மடித்து, ஒரு பையில் அழகாக அடுக்கி வைத்திருந்தது.

அண்ணி கிணற்றடியில் இருந்தாள். பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் அவள் எதிரே சாக்கடையில் கொட்டினேன். பாதி என் வேட்டியில் கொட்டியது. அவள் பூச்சிக்கு என்று பொய் கூடச் சொல்லவில்லை.

அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேபிள், கைதட்டல், மேக்கப் அறை, கார், என் வாக்குமூலம். எனக்குத் தெரிந்து ஒன்பது நாள் ஆகிறது என்பதையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் கேட்டாள்: "நீங்க குரல் குடுத்தாச்சா தம்பி?"

வசனத்துக்குக் கொடுத்தாயிற்று, அலறலுக்கு இன்னும் இல்லை என்றேன்.

"என்னைத் தேத்தறதுக்காக நீங்க கதை கட்டிச் சொல்றீங்க" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இத்தனை நாள் எல்லோரும் சொன்னதை நம்பியவள், நிஜத்தைச் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாள். அவளைச் சொல்லி என்ன?

23 செப்டம்பர், திங்கள்

பக்கத்து வீட்டு அம்மாவை அண்ணிக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டு ஸ்டூடியோவுக்குப் போனேன். அலறலை எடுக்கலாம் என்று டேவிட்டிடம் சொன்னேன். லூப்பைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். மாட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போய் டீ குடிச்சுட்டு வரேன். கொஞ்சம் நேரமாகும்" என்றார்.

பிலிமைச் சுருட்டிக் கடைத் துணிப்பைக்குள் போட்டேன். கேட்டில் கூர்க்கா சலாம் வைத்தான். இளைய கொடுவாளுக்கு வைத்த முதல் சலாம் அதுதான், கடைசியும் அதுதான். பஸ்ஸில் பையை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் முதலாளி கார் குறுக்கே வந்து நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

24 செப்டம்பர், செவ்வாய்

அண்ணியை வற்புறுத்தி அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். தெருவில் எல்லா ஜன்னலும் திறந்தது. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என் பின்னால் நடந்து வந்தாள்.

இன்ஸ்பெக்டர் துரைராஜ் நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, என் பழைய வாக்குமூலத்தை எடுத்து மேஜையில் போட்டார்.

"இது ஒண்ணு சொல்லுது, நீ ஒண்ணு சொல்றே. ரெண்டுல எது பொய்?"

"சண்டை நடந்தது நிஜங்க. அதனாலதான் செத்தார்னு சொன்னேன் பாருங்க, அது பொய். அது எனக்குத் தெரியாது. தெரிஞ்சமாதிரி சொல்லிட்டேன்."

பொய் வாக்குமூலத்துக்கு என் மேலேயே வழக்குப் போடலாம், தெரியுமா என்றார். தெரியும் என்றேன். தெரியாது, ஆனால் அந்த இடத்தில் வேறென்ன சொல்வது? அவர் முதலாளியின் பெயரை ஒரு தரம் தமக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். காசு பணம் உள்ளவன் விவகாரம் என்கிற யோசனை அவர் முகத்தில் நன்றாகவே தெரிந்தது. அப்புறம் பிலிமைக் கேட்டார்.

ஸ்டேஷனில் படம் ஓட்டுகிற மெஷினுக்கு எங்கே போவது? ஜன்னல் பக்கம் போய், பிலிமைப் பிரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். சின்னச் சின்னக் கட்டமாகப் படம். ஒவ்வொன்றிலும் அண்ணன் நகம் அளவுக்கு நிற்கிறார். லைட்மேன் விழுகிற இடத்தை நான் காட்டினேன். இன்ஸ்பெக்டர் அதையே பலமுறை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார். அருச்சுனன் ஊர் எது என்று கேட்டு, ஒரு கான்ஸ்டபிளை அரக்கோணத்துக்குக் கிளம்பச் சொன்னார்.

அப்போதுதான் அண்ணி எழுந்து வந்தாள். கேட்காமலேயே பிலிமை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் தடுக்க வாயெடுத்தவர் பேசாமல் விட்டுவிட்டார்.

அவள் ஆரம்பத்திலிருந்து பார்த்தாள். ஒவ்வொரு கட்டமாக விரலால் தள்ளித் தள்ளி, கண்ணை இடுக்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல் பார்த்தாள். அண்ணன் சேற்றில் வருகிறார். வாளை ஓங்குகிறார். கம்பத்தை நோக்கிக் கையை நீட்டுகிறார். அங்கே அவள் விரல் நின்றது. அடுத்த கட்டத்தைப் பார்த்தாள். மறுபடி முந்தின கட்டத்துக்கே வந்தாள்.

"இது வரைக்கும் இருக்கார்" என்றாள்.

அவள் அந்தக் கட்டத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இன்னும் உற்றுப் பார்த்தாள். வலது புருவம் தூக்கி இருந்தது எனக்கே தெரிந்தது.

"தம்பி, இங்க பாருங்க. நான் சொன்னது எதுவும் அவர் மூஞ்சியில இல்லை. என்னை நெனைக்கவே இல்லை. வேலை பாத்துக்கிட்டு இருக்கார்."

சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அண்ணன் செத்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு என் வாக்குமூலத்தை முதலிலிருந்து எழுத ஆரம்பித்தோம்.